மையும் நீரும் கடலும்: 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கடற்காட்சிகளைப் பார்க்கும் விதம்

ஒன்றரை சாண் அகலமுள்ள ஒரு தாள். மேலே முக்கால் பங்கு வானம், கீழே ஒரு பட்டை கடல், நடுவில் இரண்டு மூன்று பாய்மரக் கப்பல்கள். வண்ணம் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் சாம்பல், கொடியில் ஒரு துளி சிவப்பு இருந்தால் உண்டு. பெரிய எண்ணெய் ஓவியங்கள் நிறைந்த அருங்காட்சியகத்தில் இப்படி ஒன்று மாட்டியிருந்தால் பெரும்பாலோர் நிற்காமல் நடந்துவிடுவார்கள். ஐரோப்பியக் கலை வரலாற்றில் பரோக் என்று சொல்லப்படும் காலத்தில், குறிப்பாக 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில், இந்த மாதிரித் தாள்கள் ஏராளமாக வரையப்பட்டன. அவற்றை எப்படிச் செய்தார்கள், எதைக் கவனித்துப் பார்ப்பது என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். ஓவியம் பற்றி முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓவியங்களில் பேனாவுக்கும் தூரிகைக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மனிதன் கட்டியது எல்லாம், அதாவது கப்பல், பாய்மரம், கயிறு, கொடிக்கம்பம் எல்லாம் பேனாவின் கோடு. காற்றும் வெளிச்சமும் தண்ணீரும் தூரிகையில் கரைத்த மை. இந்தப் பிரிவினை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாகவே திறந்துகொள்ளும்.

பரோக் என்றால் நமக்கு ரோம் நகரத்துத் தேவாலயங்களும், ஓவியர் கரவாஜ்ஜோவின் இருட்டும் ஒளியும், சிற்பி பெர்னினியின் சுழலும் சிலைகளும்தான் நினைவுக்கு வரும். ஹாலந்து அப்படிப்பட்ட ஊர் இல்லை. அங்கே புராட்டஸ்டன்ட் தேவாலயங்களின் சுவர்கள் வெறுமையாக வெள்ளையடித்துக் கிடந்தன. படம் வாங்கியவர்கள் வணிகர்களும் கப்பல் முதலாளிகளும் நகரசபைகளும். அவர்கள் வீட்டுச் சுவருக்குக் கேட்டது அவர்களுக்குப் பழகிய உலகத்தை: சமவெளி, கால்வாய், கடல். ஆனாலும் பரோக் காலத்தின் துடிப்பு இங்கேயும் இருக்கிறது. ஓடும் கணம் ஒன்றைப் பிடித்து நிறுத்துவது, இருளையும் ஒளியையும் மோதவிடுவது, எல்லாவற்றையும் சாய்வாக, அசைவாக அமைப்பது. ரோமில் தேவதைகளின் அங்கிகள் காற்றில் பறந்தன. ஹாலந்தில் கப்பலின் பாய்கள் பறந்தன.

கடல் அவர்களுக்குச் சோறு போட்டது. ஹெர்ரிங் மீன்பிடிப்பும் பால்டிக் தானிய வணிகமும் முதலில். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபின் ஆசிய வணிகமும் சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே டெக்ஸல் தீவின் ஓரத்தில் நல்ல காற்றுக்காகக் கப்பல்கள் கூட்டமாகக் காத்துக் கிடக்கும். ஓவியர்கள் விரும்பி வரைந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே நங்கூரம் பாய்ச்சி நின்றவற்றில் பழவேற்காட்டுக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்துபோன கப்பல்களும் உண்டு. நம் கரையில் துணி ஏற்றிய கப்பல்களின் சாயலைத் தேடுகிறவர்கள் இந்தத் தாள்களைப் பார்க்கலாம் என்பதை ஒரு கூடுதல் காரணமாகச் சொல்லிவைக்கிறேன். அப்புறம் போர்கள். 1652 முதல் 1674க்குள் இங்கிலாந்தோடு மூன்று கடற்போர்கள் நடந்தன. கப்பலைச் சரியாக வரையத் தெரிந்தவருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

கைக்கருவிகளுக்கு வருவோம். தாள், பழைய லினன் துணிக் கந்தலை ஊறவைத்துக் கூழாக்கிக் கையால் வார்த்தது. மை உள்ளே பரவிவிடாமல் இருக்கத் தோலிலிருந்து காய்ச்சி எடுத்த பசையில் முக்கி உலர்த்துவார்கள். பேனா, வாத்து இறகின் அடித்தண்டைக் கத்தியால் சீவியது. அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். ஒரே இழுப்பில் கயிறு தொய்வதையும் விறைப்பதையும் காட்டிவிடலாம்.

மையில் பல வகை. எழுதவும் வரையவும் அதிகம் பயன்பட்டது மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த மை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் இந்த இரண்டும் கிடைக்கும். மாசிக்காய் என்பது ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சு. அதன் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேரும்போது கறுப்பு பிறக்கிறது. இதில் வேலம் பிசினைக் கலந்தால் பேனாவில் நிற்கும். எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் படப்படக் கறுக்கும். விளக்குக் கரியில் செய்த மையும் உண்டு, அது கறுப்பு மாறாது. மரம் எரித்த புகைக்கரியைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் மஞ்சள் கலந்த அழகான பழுப்பு கிடைக்கும். அது தூரிகை வேலைக்குத் தோதானது. முதல் அடையாளக் கோடுகளைப் போடப் பென்சில் கரி இருந்தது. இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்திலிருந்து அது ஐரோப்பா முழுவதும் போய்க்கொண்டிருந்தது.

வாட்டர்கலர் என்றதும் இன்றைய டியூப் வண்ணங்களை நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலக் கடற்காட்சிகளில் பெரும்பாலும் அது தண்ணீர் ஊற்றி மெலிதாக்கிய மைதான், அல்லது சாம்பல் வண்ணக் கரைசல். பல வண்ணங்களைத் தண்ணீரில் கரைத்துப் பூசும் கலை டச்சுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆம்ஸ்டர்டாமில் அச்சான வரைபடங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். கடற்காட்சியிலும் சிலர் கொடிக்கு ஒரு சிவப்பு, தூரத்து வானத்துக்கு அவுரி நீலம் என்று தொட்டு வைத்தார்கள். அதிகமாக வைத்ததில்லை. சாம்பல் நிறக் கடல்தானே அவர்கள் தினமும் பார்த்தது.

இப்போது ஒரு தாள் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். முதலில் பென்சிலால் ஒரு கிடைக்கோடு: தொடுவானம். அதை ஓவியர் எங்கே போடுகிறார் என்பதிலேயே பாதி ஓவியம் தீர்மானமாகிவிடும். 1600ஐ ஒட்டி ஹார்லெம் நகரத்தில் ஹென்ட்ரிக் வ்ரூம் வரைந்தபோது தொடுவானம் உயரத்தில் இருந்தது. மாடியிலிருந்து பார்ப்பதுபோலக் கடல் முழுவதும் விரிந்து, கப்பல்கள் வரிசையாகத் தெரியும். அடுத்த தலைமுறையில் யான் போர்செல்லிஸ் அதைக் கீழே இறக்கினார். நாம் படகில் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு வந்துவிட்டோம். கப்பல்கள் தலைக்கு மேலே எழுகின்றன, வானம் தாளை நிரப்புகிறது. டச்சுக் கடற்காட்சியில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பது என் எண்ணம். ஒரு கோட்டை மூன்று விரல்கடை கீழே இறக்கியதில், கப்பல்களின் படமாக இருந்தது வானிலையின் படமாகிவிட்டது.

அடுத்து கப்பல்களின் இடம் லேசாகக் குறிக்கப்படும். பிறகு தூரிகை. மிக மெலிந்த கரைசலைத் தோய்த்து வானத்தில் மேகங்களின் அடிப்பக்கத்தைப் போடுவார். மேகத்தின் மேல்பக்கத்தில் எதுவும் பூசுவதில்லை. அங்கே தெரியும் வெள்ளை, தாளின் வெள்ளை. எண்ணெய் ஓவியர் வெள்ளையைக் கடைசியில் எடுத்து வைக்கலாம். மையில் வரைபவருக்கு அந்த வசதி இல்லை. எது வெளிச்சமாக இருக்க வேண்டுமோ அதை முதல் கணத்திலிருந்து தொடாமல் காப்பாற்ற வேண்டும். கோலம் போடுகிறவர் புள்ளிகளுக்கு நடுவில் விடும் இடத்தைப் போல, விட்ட இடமும் வரைந்த இடமாகவே கணக்கு.

முதல் பூச்சு காய்ந்தபின் அதே கரைசலால் இரண்டாவது பூச்சு. ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடம் ஒரு படி கறுக்கும். இப்படி மூன்று நான்கு படிகளிலேயே காலை மூட்டம் முதல் புயல் இருட்டு வரை வந்துவிடும். ஓரம் ஈரமாக இருக்கும்போதே சுத்தத் தண்ணீரைத் தொட்டால் மழை மேகம் கரையும். காய விட்டால் ஓரம் கத்தியாக நிற்கும். இரண்டையும் ஒரே மேகத்தில் பார்க்கலாம். வெயில் படும் பக்கம் கூர்மையான ஓரம், மழை பெய்யும் பக்கம் கரைந்த ஓரம்.

கடைசியில்தான் பேனா அழுத்தமாக இறங்கும். பக்கத்துக் கப்பலுக்குக் கறுத்த, தடித்த கோடு. நடுத்தூரக் கப்பலுக்கு மெல்லிய, வெளிறிய கோடு. தொடுவானத்தில் நிற்கும் கப்பலுக்குக் கோடே கிடையாது. தூரிகை நுனியால் ஒரு சாம்பல் தடம், அவ்வளவுதான். ஈரக்காற்று தூரத்தை வெளிறச் செய்யும் என்று கண்ணால் அறிந்ததை, மையில் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்ற கணக்காக மாற்றிவிட்டார்கள். நல்ல ஓவியர் ஒருவரின் தாளில் தூரத்தை அளக்க விரும்பினால் கப்பலின் அளவைப் பார்க்க வேண்டாம், கோட்டின் கறுப்பைப் பாருங்கள்.

கடல் எங்கே வரையப்படுகிறது? பெரும்பாலும் வரையப்படுவதே இல்லை. தாளின் அடியில், நமக்கு மிக அருகில், ஒரு கறுத்த பட்டை இருக்கும். இவ்வளவு அருகில் கடல் ஏன் இருட்டாக இருக்கிறது என்று முதலில் பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரலாம். அது மேகத்தின் நிழல். அதற்குப் பின்னால் வெயில் விழுந்த ஒரு வெளிர் பட்டை, அதில்தான் முக்கியமான கப்பல் நிற்கும். அதற்கும் பின்னால் மறுபடி ஒரு நிழல், பிறகு வெளிறிய தொடுவானம். இந்த நிழல், வெயில், நிழல் அடுக்கு டச்சு ஓவியர்களின் கைவசம் இருந்த மிகச் சிறந்த உத்தி. காற்று அடிக்கும் நாளில் மேகங்கள் ஓட, கடல்மேல் நிழல் திட்டுத்திட்டாக நகர்வதைக் கரையில் நின்று பார்த்த எவருக்கும் இது புரியும். கூடவே தட்டையான தண்ணீருக்கு ஆழமும் கிடைத்துவிடுகிறது. அலைக்கு அங்கங்கே சின்னச் சின்ன வளைகோடுகள் போதும். மற்றதைக் கண் போட்டுக்கொள்ளும். அந்த அலைகளும் குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக இருப்பதைக் கவனியுங்கள். ஹாலந்தின் உள்கடல் ஆழம் குறைந்தது. ஆழமில்லாத தண்ணீரில் காற்று அப்படித்தான் அலை எழுப்பும்.

நான் எப்போதும் செய்துபார்க்கும் ஒரு சோதனை உண்டு: காற்றைத் தேடுவது. கொடி எந்தப் பக்கம் பறக்கிறது? பாய் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது? பீரங்கிப் புகை எங்கே நகர்கிறது? அலையின் நுனி எந்தப் பக்கம் மடிகிறது? எல்லாம் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அனுபவம் இல்லாதவர் வரைந்தால் கப்பல் முன்னே போகிறது, கொடி பின்னால் பறக்கிறது என்று போட்டுவிடுவார். பைக்கில் கட்டிய கொடி அப்படித்தானே பறக்கிறது. பாய்மரக் கப்பலைத் தள்ளுவதே காற்றுதான், கப்பலோ காற்றைவிட மெதுவாகப் போகிறது. பின்காற்றில் ஓடும் கப்பலின் கொடி முன்னோக்கித்தான் பறக்கும். இந்தப் படங்களை வாங்கியவர்களில் கடலோடிகள் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் தப்பு தப்பாது. சிறு படகுகளின் பக்கவாட்டில் பெரிய இலைபோல ஒரு பலகை தொங்குவதையும் பார்க்கலாம். ஆழம் குறைந்த நீருக்காக அடி தட்டையாகக் கட்டிய படகுகள் அவை. காற்று பக்கவாட்டில் தள்ளாமல் இருக்க அந்தப் பலகையைத் தண்ணீரில் இறக்குவார்கள். எந்தப் பக்கப் பலகை இறங்கியிருக்கிறது என்பதும் காற்றைச் சொல்லும்.

இந்தத் துறையில் ஒருவரை மட்டும் தெரிந்துகொள்ள நேரமிருந்தால் அது மூத்த வில்லெம் ஃபன் டெ வெல்டெவாக இருக்கட்டும். 1611இல் லைடன் நகரத்தில் பிறந்தவர், கப்பலோட்டி ஒருவரின் மகன். போர்க்களத்துக்கே போய் வரைந்தவர். 1653 ஆகஸ்ட் 10 அன்று ஸ்கெவெனிங்கென் கரைக்கு எதிரே டச்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயப் படையும் மோதின. டச்சுத் தளபதி மார்ட்டென் ட்ரோம்ப் இறந்தது அந்தப் போரில்தான். ஃபன் டெ வெல்டெ ஒரு சிறு படகில் இருந்தபடி அதை வரைந்தார். பின்னர் அந்தப் போரைப் பெரிதாக வரைந்தபோது, பீரங்கிப் புகைக்கு நடுவே, படகில் தாளும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தன்னையும் சேர்த்துக்கொண்டார். 1666 ஜூனில் நான்கு நாள் நீண்ட பெரும்போர் நடந்தபோது, ஓவியர் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே அழைத்துப் போகும்படி ஒரு படகுக்குத் தளபதி டெ ராய்ட்டரே உத்தரவிட்டார்.

போர் நடுவில் அவர் வரைந்தவை பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். பென்சில் கோடு, அதன்மேல் அவசரமாக இழுத்த சாம்பல் கரைசல், ஓரத்தில் கப்பல்களின் பெயர்களும் குறிப்புகளும் அவர் கையெழுத்தில். அணிவகுப்பு ஒரு தாளில் அடங்காதபோது தாளோடு தாள் ஒட்டி நீளமாக்கினார். அவருக்கு அழகைவிட யார் எங்கே நின்றார்கள் என்பது முக்கியம். கப்பலின் பின்பக்கத்து மரச்செதுக்கலை அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருப்பதால், அந்தக் காலக் கப்பல்கள் எப்படி இருந்தன என்று ஆராய்பவர்களுக்கு இன்றும் அவர் தாள்களே முதல் சான்று. டச்சுத் தச்சர்கள் பெரும்பாலும் வரைபடம் போடாமல் கைக்கணக்கில் கப்பல் கட்டியவர்கள். ஆகவே இந்தச் சான்றுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

கரைக்குத் திரும்பியதும் அவர் செய்த இன்னொரு வேலை தனி ரகம். பலகை அல்லது துணிமேல் ஈயவெள்ளையை அடுக்கடுக்காகப் பூசி வழவழப்பாக்கி, அதில் இறகுப் பேனாவால் மைக்கோடு போட்டுப் பெரிய ஓவியங்கள் செய்தார். பேனா ஓவியம் என்றே அதற்குப் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் செப்புத்தகட்டில் அச்சடித்ததுபோல இருக்கும். கிட்டே போனால், கப்பல்தளத்தில் நிற்கும் மாலுமியின் தொப்பி வரை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இவை பல இருக்கின்றன.

அவர் மகனுக்கும் வில்லெம் என்றுதான் பெயர். 1633இல் பிறந்தவர். சீமோன் டெ விலீகர் என்ற கடல் ஓவியரிடமும் பயின்றவர். அப்பாவுக்குக் கோடு என்றால் மகனுக்குக் காற்றும் வெளிச்சமும். 1672இல் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் நுழைந்து நாடே நிலைகுலைந்தபோது படம் வாங்க ஆளில்லாமல் போயிற்று. இருவரும் அந்தக் குளிர்காலத்தில் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்போதும் இங்கிலாந்து ஹாலந்தோடு போரில்தான் இருந்தது! இருந்தாலும் மன்னர் இரண்டாம் சார்லஸ் அவர்களை ஏற்றுக்கொண்டார். 1674இல் பிறப்பித்த ஆணையில் அப்பாவுக்குக் கடற்போர்களைக் கோட்டுருவமாக வரைவதற்கு ஆண்டுக்கு 100 பவுண்டு, மகனுக்கு அந்தக் கோட்டுருவங்களுக்கு வண்ணம் கொடுப்பதற்கு 100 பவுண்டு என்று எழுதப்பட்டது. தொடக்கத்தில் சொன்னேனே, பேனாவுக்கும் தூரிகைக்கும் இடையிலான வேலைப் பிரிவினை; அரச ஆணையிலேயே அது இரண்டு சம்பளமாக வந்துவிட்டது. கிரீனிச்சில் உள்ள ராணி மாளிகையில் அவர்களுக்குப் பட்டறை கொடுத்தார்கள். அதே வளாகத்துத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்று இவர்களுடைய தாள்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

லூடோல்ஃப் பாக்ஹாய்சென் இன்னொரு விதம். 1630இல் எம்டன் நகரில் பிறந்து, ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கையெழுத்து அழகுக்குப் பெயர் வாங்கியவர். அந்தக் கை அப்படியே கப்பலின் கயிறுகளுக்குப் போனது. அவருடைய தாள்களில் அலையின் நுனி சுருளும் விதத்தைப் பாருங்கள். எழுத்தின் வாலைச் சுழற்றிப் பழகிய மணிக்கட்டு தெரியும். நுனிக்குப் பழுப்பு மையில் ஒரு சுழி, அதன் அடியில் சாம்பல் கரைசலில் ஒரு பள்ளம், நடுவில் தாளின் வெள்ளை நுரையாக நிற்கும். புயல் வரும்போது சிறு படகில் கடல்முகம் வரை போய்ப் பார்த்துவிட்டு, யாரோடும் பேசாமல் வீட்டுக்கு ஓடிவந்து வரைவார் என்று டச்சு ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய ஹௌப்ராக்கென் சொல்கிறார். தண்ணீரின்மேல் உட்கார்ந்து தண்ணீரால் வரைவது லேசில்லை, கண்டதை மனதில் ஏந்திக்கொண்டு வர வேண்டும். தனித்தாளாக விற்பதற்கென்றே முழுமையாக முடித்த மை ஓவியங்களையும் இவர் செய்தார். எண்ணெய் ஓவியத்துக்கான ஒத்திகை என்ற நிலையிலிருந்து தாள் தன் சொந்தக் காலில் நின்றது இங்கே நன்றாகத் தெரியும்.

இதே காலத்தில் ரோமில் இருந்த பிரெஞ்சு ஓவியர் க்ளோட் லொரேன் துறைமுகங்களைப் பேனாவாலும் பழுப்புக் கரைசலாலும் வரைந்தார். அவர் கடலில் காற்றே இருக்காது, சூரியன் தொடுவானத்தில் நேரே நம் கண்ணைப் பார்க்கும். டச்சுக் கடலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மை இரண்டு தட்பவெப்பத்தைக் காட்டுவது புரியும். எனக்கு டச்சுக்காரர்களின் நனைந்த வானம்தான் பிடிக்கும்.

நாம் இன்று பார்க்கும் பழுப்பு, பல தாள்களில் ஓவியர் வைத்த நிறம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாசிக்காய் மை கறுப்பாக இருந்து நூறு இருநூறு வருடங்களில் பழுப்பாகிவிடும். அதிலுள்ள அமிலம் தாளையும் தின்னும். கோடு தடித்த இடத்தில் சில சமயம் தாளே விரிசல் விடும். அவுரி நீலம் வெளிச்சத்தில் வெளுக்கும், தாள் மஞ்சளாகும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் இவற்றை 50 லக்ஸ் அளவிலான மங்கிய வெளிச்சத்தில், சில மாதங்கள் மட்டும் வெளியே வைத்துவிட்டு மறுபடி இருட்டுப் பெட்டிக்குள் கொண்டுபோய்விடுகிறார்கள். நேரில் போனாலும் காட்சியில் இருக்கும் என்று உறுதியில்லை. ரைக்ஸ்மியூசியமும் கிரீனிச் அருங்காட்சியகமும் இணையத்தில் படங்களை வைத்திருக்கின்றன. ரைக்ஸ்மியூசியத்தின் படங்களைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஃபன் டெ வெல்டெ என்று தேடி, ஒரு தாளைத் திரை நிறையப் பெரிதாக்கி, முதலில் கொடியைப் பாருங்கள், அப்புறம் பாயை, புகையை, அலை நுனியை. மகனின் முதுமைக்காலப் புயல் தாள்கள் கிடைத்தால் அவற்றோடு கொஞ்சம் கூடுதல் நேரம் இருங்கள். பழுப்பு மையில் நிறுத்தாமல் சுழற்றிய கோடுகள்; கப்பல் எது, அலை எது என்று பிரிக்கவே முடியாது, அங்கே பேனாவே தண்ணீரின் வேலையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.